ஸ்டார் வார்ஸ் கிளைக்கதைகளுக்காக யாரோடு சண்டை போட்டிருக்கிறீர்கள்? (அனுபவப் பகிர்வு)

படங்களோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இந்த வலி தெரியாது. நாவல், காமிக்ஸ், கேம், கார்ட்டூன் என்று கிளைக்கதைகளில் இறங்கியவர்கள் ஒரு முறையாவது "இதெல்லாம் கேனன்ல வராது" (கேனன் என்றால் உரிமையாளர்கள் அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்ட கதை) என்ற வார்த்தையைக் கேட்டிருப்பீர்கள். உங்களிடம் யார் சொன்னார்கள், அப்புறம் என்ன ஆனது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

இந்த உலகத்தை எனக்குத் திறந்துவிட்டது என் பெரியம்மா மகன். மூன்று படங்களோடு கதை முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வயதில், டிமதி ஸான் எழுதி 1991இல் வந்த 'ஹெய்ர் டு தி எம்பயர்' நாவலைக் கையில் கொடுத்தார். முதுகு பிய்ந்த புத்தகம். முதல் சில தாள்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்.

முதல் அத்தியாயத்தில் அண்ணன் பென்சிலால் கோடு போட்டிருந்த இடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பேரரசின் படைத்தளபதி, கிராண்ட் அட்மிரல் த்ரான் மங்கலான அறையில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் ஹோலோகிராமில் ஓவியங்கள், சிற்பங்கள். எதிரிக் கப்பல்களை நடத்துவது எந்த இனத்தவர் என்று கண்டுபிடிக்கிறார். அந்த இனத்தின் கலையை வைத்தே, எப்படித் தாக்கினால் அவர்களால் தாங்க முடியாது என்று முடிவு செய்கிறார். பக்கத்தில் நிற்கும் கேப்டன் பெல்லயானுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அவர் சொன்னபடியே நடக்கிறது. வில்லன் என்றால் கழுத்தை நெரிப்பவன் என்றே பழகியிருந்த எனக்கு, உட்கார்ந்து படம் பார்த்தே ஜெயிக்கும் வில்லன் புதிது.

அதே நாவலில்தான் மாரா ஜேட் வருகிறாள். படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரைக் கொல்லச் சொன்ன பேரரசரின் கடைசிக் கட்டளை அவள் தலைக்குள் ஓயாமல் ஒலிக்கிறது. அப்படியும் காட்டுக்குள் லூக்கோடு சேர்ந்து நடந்தே உயிர் பிழைக்க வேண்டிய நிலை. பிறகு பல வருடங்கள், பல எழுத்தாளர்கள், பல புத்தகங்கள். லூக்குக்கும் அவளுக்கும் கல்யாணமே ஆனது. 2007இல் வந்த நாவலில் அவளைக் கொன்றார்கள், அதுவும் படங்களின் மற்ற நாயகர்களான ஹான், லியாவின் மகன் கையால். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2014 ஏப்ரல் 25. படங்களும் 'க்ளோன் வார்ஸ்' கார்ட்டூனும் மட்டும் கேனன், அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ் எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', அதாவது கேனனில் சேராத பழங்கதைகள் என்று அறிவிப்பு வந்தது. என் அறைத் தோழன் போன் செய்தான். "உன் மாரா ஜேட் இனிமே கிடையாதாம்டா." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் கத்திவிட்டேன். "எல்லாமே கற்பனைதானே, அதுல எது நிஜம் எது பொய்?" என்றான். போனை வைத்தேன். ஏழு மாதம் பேசவில்லை.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். படங்களில் ஹானின் துணையாக வரும் சூபாக்கா 1999 நாவலிலேயே இறந்துவிட்டான். அதை அப்படியே வைத்துக்கொண்டு 2015இல் புதுப் படம் எடுக்க முடியாது. நாவல் படிக்காத கோடிக்கணக்கான பேருக்கு யார் உட்கார்ந்து விளக்குவது? சரிதான். ஆனால் என்னை வருத்தியது கதைகளுக்குள் இருந்த முரண் இல்லை. 1978இல் வந்த முதல் கிளை நாவலில் லூக்குக்கும் லியாவுக்கும் நடுவில் லேசாகக் காதல் எட்டிப் பார்க்கும். அவர்கள் அண்ணன் தங்கை என்பது அப்போது முடிவாகவில்லை. அதையும் ரசித்துத்தான் படித்தோம். ஒருவர் அழுது முடித்த பிறகு, அழுததற்குக் காரணமே இல்லை என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

* * *

மேலே எழுதியவரின் கடைசி வரியைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அதைச் சொன்னது சொந்த அண்ணன்.

நான் உள்ளே வந்தது 2008இல் தொடங்கிய 'க்ளோன் வார்ஸ்' வழியாக. அதற்கு முன் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. படங்களில் பின்னால் டார்த் வேடராக மாறும் அனகினின் சிஷ்யை அசோகா டானோதான் எனக்குக் கதாநாயகி. அண்ணனுக்கு அவள் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். "2005 படத்துல அவளைப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா? அனகினுக்குச் சிஷ்யை இருந்தா யாராவது சொல்லியிருக்க மாட்டாங்களா? நடுவுல சொருகின கதை இது" என்பான். பதில் சொல்லத் தெரியாது. அவன் சொன்னது உண்மைதானே, படத்தில் அவள் இல்லை.

ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோட் 2013இல் வந்தது. செய்யாத குற்றத்துக்காக ஜெடாய்கள் (ஒளிவாள் ஏந்தும் வீரர்கள், அவளும் அனகினும் இருக்கும் அமைப்பு) அசோகாவை வெளியேற்றுகிறார்கள். உண்மை தெரிந்ததும் திரும்பி வா என்கிறார்கள். சிஷ்யை தலையில் அணியும் மணிச்சரத்தை அனகின் நீட்டுகிறான். அவள் அதை வாங்காமல், அவன் விரல்களை மடக்கி மணிகளை அவன் உள்ளங்கைக்குள்ளேயே மூடிவிட்டுப் போகிறாள். நான் அழுதுகொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "படத்துல அவன் ஏன் யாரையும் நம்பலைன்னு இப்போ புரியுது" என்றான். அதோடு 'சொருகின கதை' என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016இல் 'அசோகா' என்று ஒரு நாவல் வந்தது. 2014க்குப் பிறகு வந்த நாவல், அதனால் முழுக் கேனன் என்ற தைரியத்தில் படித்தேன். ஜெடாய்களைக் கொல்லும் ஆணை வந்த பிறகு, அவளோடு போரிட்ட க்ளோன் வீரன் (ஒரே ஆளின் நகலாக வளர்க்கப்பட்டவன்) கேப்டன் ரெக்ஸ் செத்துவிட்டதாக நம்பவைக்க ஒரு பொய்க் கல்லறை எழுப்பி, தன் ஒளிவாள்களை அதில் விட்டுப் போகிறாள். 2020இல் கடைசி சீசன் வந்தது. அதில் ரெக்ஸுக்குத் தனிக் கல்லறை இல்லை. நொறுங்கிய கப்பலுக்குப் பக்கத்தில் க்ளோன்களைப் புதைத்து, கம்புகளில் அவர்களுடைய ஹெல்மெட்டுகளை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். அசோகா கையிலிருந்த வாளை நழுவ விடுகிறாள். இந்த எபிசோடில்தான் நான் அதிகம் உடைந்துபோனேன். இருந்தாலும் முடிந்தவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நாவல்ல இப்படி இல்லையே." அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவன் அன்று எங்கே நின்று பேசினானோ, அதே இடத்தில் நான் நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

* * *

எங்கள் சண்டை ஒரு எண்ணைப் பற்றியது. ஹாஸ்டலில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு போட்ட சண்டை.

2002 படத்தில் க்ளோன் படையைப் பற்றி, இரண்டு லட்சம் 'யூனிட்' தயார், மேலும் பத்து லட்சம் தயாராகிறது என்று ஒரு வசனம். யூனிட் என்றால் ஒரு ஆளா, ஒரு படைப்பிரிவா என்று சொல்லவில்லை. கேரன் ட்ராவிஸ் எழுதிய 'ரிபப்ளிக் கமாண்டோ' நாவல்களில் மொத்தப் படை முப்பது லட்சம். என் நண்பன் குதித்தான். "பத்து லட்சம் கிரகம்னு வெச்சா ஒரு கிரகத்துக்கு மூணு பேர்டா! இரண்டாம் உலகப் போர்ல சோவியத் யூனியன் மட்டும் மூணு கோடிக்கு மேல ஆள் திரட்டிச்சு. கேலக்ஸிக்கே முப்பது லட்சமா?"

கணக்கில் அவன் பக்கம்தான் பலம். நான் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் கணக்கு இல்லை. படத்தில் அந்த வீரர்கள் வெறும் வரிசை. அந்த நாவல்களில்தான் ஒவ்வொருவனுக்கும் பெயர், பயம், பிடித்தது, பிடிக்காதது எல்லாம் இருந்தது. பத்து வயதில் இருபது வயது உடம்போடு போருக்குப் போகிறவர்கள், தங்களுக்கு எவ்வளவு நாள் மிச்சம் என்று பேசிக்கொள்ளும் பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். எண்ணைத் தப்பென்று ஒத்துக்கொண்டால் அவர்களும் போய்விடுவார்கள் என்ற பயம்.

2010இல் என் பக்கம் முழுவதும் விழுந்தது. 'க்ளோன் வார்ஸ்' கார்ட்டூனில் மாண்டலோர் கிரகத்தைப் போரே வேண்டாம் என்கிற அரசியின் நாடாகக் காட்டினார்கள். நாவல்களின் மாண்டலோரியர்களுக்குப் போர்தான் வாழ்க்கை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. நண்பன் கொண்டாடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் செய்யவில்லை. அந்த நாவல்களுக்காகவே விரிவாக உருவாக்கிய மாண்டலோரிய மொழியில், கூடப்பிறந்தவனுக்கும் தோழனுக்கும் ஒரே சொல்தான், 'வோட்'. அன்று அறைக்குள் வந்து, "என்ன வோட், சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். இன்றைக்கும் போனில் அப்படித்தான் கூப்பிடுகிறான். எண்ணிக்கை விஷயத்தில் மட்டும் இருவரும் இறங்கி வரவில்லை.

* * *

என்னுடையது சின்னது. என் மகளிடம் தோற்ற கதை.

2015இல் வந்த 'கேனன்' காமிக்ஸை (இது ஆளின் பெயர், நாம் பேசும் கேனன் இல்லை) அவளுக்குத் தூங்கும் நேரத்துக் கதையாகச் சொல்லியிருந்தேன். கேலப் என்ற சிறுவன், அவனுடைய குரு டெப்பா பில்லாபா, கூடவே அவர்களுடைய க்ளோன் வீரர்கள். ராத்திரி நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம் முன்புவரை நண்பர்கள். ஆணை வருகிறது, அதே நண்பர்கள் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். நெருப்பு வெளிச்சத்தில் முகங்கள் மாறுவதைச் சொல்லும்போது மகள் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

2021இல் 'பேட் பேட்ச்' முதல் எபிசோடை ஒன்றாகப் பார்த்தோம். அதே கேலப், அதே குரு, அதே ஆணை. ஆனால் பகல், சுற்றிலும் பனி. புதிதாக ஐந்து வீரர்கள். அவர்களில் ஒருவன் கேலப்பைத் தப்பவிடுகிறான். "அப்பா, நீங்க தப்பா சொல்லியிருக்கீங்க" என்றாள். நான் எழுந்து போய்க் காமிக்ஸை எடுத்து வந்து காட்டினேன். பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். இரண்டுமே கேனன்தான், 2014க்குப் பிறகு வந்தவை என்று நான் விளக்கப் பார்த்தேன். அது அவள் காதில் விழவில்லை. "அப்போ அந்த நெருப்பு எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகும் பனி வந்த எபிசோடைப் பல முறை பார்த்துவிட்டாள். தூங்கப் போகும்போது மட்டும் நெருப்புக் கதைதான் கேட்கிறாள்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும் வருகிறேன். அண்ணன் தங்கை கதையைப் படித்ததும், என் தோழன் கதையை நான் பாதியில் விட்டது உறுத்தியது.

2016இல் 'ரெபல்ஸ்' கார்ட்டூனின் மூன்றாவது சீசனில் த்ரான் வருகிறார் என்ற செய்தியை அவன்தான் எனக்கு அனுப்பினான். பேச்சு ஏற்கெனவே திரும்பியிருந்தது, ஆனால் ஸ்டார் வார்ஸ் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. அந்த சீசனில் த்ரான், கிளர்ச்சிப் படையின் விமானி ஹேராவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த கலைப்பொருளைக் கையில் எடுத்து அதன் மதிப்பைச் சொல்லும் காட்சி வரும்போது, அண்ணன் கோடு போட்ட பக்கம் திரையில் அசைவதுபோல இருந்தது. மாரா வரவில்லை. சந்தோஷமும் கோபமும் சேர்ந்தே வந்தது.

'ஆண்டோர்' 2022இல் வந்தபோது பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். அது 2016இன் 'ரோக் ஒன்' படத்துக்கு முன்கதை. அந்தப் படம் டெத் ஸ்டார் (கிரகத்தையே அழிக்கும் பேரரசின் ஆயுதம்) வரைபடத் திருட்டை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. 1995 கேமில் அதைத் திருடியவன் கைல் கட்டார்ன், என் விரல்களால் திருடியவன். தோழன் விடவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு வீட்டில், போனைக் காதில் வைத்துக்கொண்டே ஒரே நேரத்தில் பார்த்தோம். பத்தாவது எபிசோட், கடல் நடுவில் சிறை. எல்லோரையும் தூண்டிவிட்டுத் தப்பவைத்த கீனோ லாய் கடைசியில் தண்ணீரின் விளிம்பில் நின்று, எனக்கு நீந்தத் தெரியாது என்கிறான். போனில் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்புறம் அவன், "அந்த மாரா ஜேட் புத்தகம் இன்னும் வெச்சிருக்கியா?" என்றான்.

அண்ணனின் பிரதியையே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பிய்ந்த முதுகைத் துணி நாடா வைத்து ஒட்டியிருந்தான். மாரா முதன்முதலில் வரும் பக்கத்தில், அண்ணன் போடாத இடத்தில், புதிதாக ஒரு பென்சில் கோடு. அடுத்த பாகத்தை எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.