அக்டோபரில் கட்டிய 12,000 எந்த வருடச் செலவு?

கணக்குப்பிள்ளை:
"வருசக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்டை இறக்கி, டெபிட் பத்தியைக் கூட்டினால் முடிந்தது, அதுதான் வருசச் செலவு." பக்கத்து விவாதத் திரியில் ரொக்கமே ராஜா அருளிய இந்த வாக்குக்கு ஆளாளுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டுத்தொகை செலவே இல்லை. வீட்டுக் கணக்கிலிருந்து தொழில் கணக்குக்கு மாற்றிய பணம் அதில் இருக்கும். கடன் தவணையின் அசல் இருக்கும். வட்டிதான் செலவு, அசல் கடனைக் குறைக்கிறது. திரும்பி வரவேண்டிய வாடகை அட்வான்ஸ் இருக்கும். கிரெடிட் கார்டு பில் கட்டியதும் இருக்கும், கார்டு ஸ்டேட்மென்டையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே செலவு இரண்டு தடவை ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், அக்டோபர் 1-ல் ஒரு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டிய இன்சூரன்ஸ் 12,000 என்று வையுங்கள். கணக்கு வருடம் முடியும் டிசம்பர் 31 வரை மூன்று மாதம், 3,000 தான் இந்த வருடச் செலவு. மீதி 9,000 முன்செலுத்திய செலவு. இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் போக வேண்டியது.

ரொக்கமே ராஜா:
வந்துட்டாருய்யா வாத்தியார். சொந்த மாற்றல், அசல், அட்வான்ஸ் எல்லாம் கழிக்கணும்னு குழந்தைக்கும் தெரியும். எழுதலைன்னா தெரியாதுன்னு அர்த்தமா? அந்த 9,000 தான் எனக்கு விளங்கலை. கட்டியாச்சு, கையில இல்லை. ஜனவரியில அந்த "சொத்தை" நீட்டி கரண்ட் பில் கட்டிப் பாருங்க.

கணக்குப்பிள்ளை:
கிடங்கில் விற்காமல் கிடக்கும் சரக்கையும் காசு கொடுத்துத்தான் வாங்கினீர்கள். அதை நீட்டியும் கரண்ட் பில் கட்ட முடியாது. ஆனாலும் இறுதிச் சரக்கிருப்பு என்று எண்ணிச் செலவிலிருந்து கழிக்கிறீர்களே? சரக்குக்கு ஒரு நியாயம், 9,000-க்கு ஒரு நியாயமா?

வெண்தாமரை:
ரெண்டு பேரும் "செலவு"ன்னு எதைச் சொல்றீங்க? பணம் கையை விட்டுப் போனதையா, அதோட பயன் தீர்ந்ததையா? முதல்ல அதைச் சொல்லிட்டா பாதிச் சண்டை தீர்ந்துடும்.

ரொக்கமே ராஜா:
9,000 போச்சுன்னா போச்சு. வருசா வருசம் அதே அக்டோபர்ல அதே 12,000 கட்டுறவருக்குப் போன வருசத்து 9,000 உள்ளே வரும், இந்த வருசத்து 9,000 வெளியே போகும். கூட்டினா அதே 12,000. இதுக்கு ஏட்டுல ரெண்டு ஜர்னல் என்ட்ரி, அதாவது ரெண்டு சரிக்கட்டுப் பதிவு! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்க.

கணக்குப்பிள்ளை:
ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். பிரீமியம் அப்படியே நிற்குமா? போன வருடம் 10,800 என்றால் மாதம் 900. அதில் ஒன்பது மாதம் 8,100 இந்த வருடத்துக்கு வரும், புதியதில் மூன்று மாதம் 3,000. ஆக 11,100. உங்கள் முறையில் 12,000. வித்தியாசம் 900. என்ட்ரி போடுவது மலையைப் புரட்டும் வேலையும் இல்லை: டிசம்பர் 31-ல் முன்செலுத்திய செலவில் 9,000 பற்று (டெபிட்), இன்சூரன்ஸ் கணக்கில் 9,000 வரவு (கிரெடிட்). ஜனவரி 1-ல் அதையே திருப்பிப் போடுங்கள். போன மாதம் தேய்மானத் திரியில் லேப்டாப் மொத்த விலையையும் ஒரே மாதச் செலவில் எழுதச் சொன்னவர்தானே நீங்கள்!

ரொக்கமே ராஜா:
தேய்மானத் திரியில பதில் சொல்ல முடியாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். 900-க்கா இந்த ஆர்ப்பாட்டம்?

எக்செல் பைத்தியம்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. இறக்கின ஃபைல்ல டிசம்பர் 31 செலவு பாதி விழாம போகும். தேதியோட நேரமும் சேர்ந்திருந்தா 31-ம் தேதி மாலை 6.40-ங்கிறது எக்செலுக்கு 31-ஐ விடப் பெரிய எண். நிபந்தனை போட்டுக் கூட்டுற சம்இஃப்ஸ் (SUMIFS) சூத்திரத்துல "31-12க்குள்"னு போட்டா 31-ம் தேதி பிறக்கிற நள்ளிரவோட கதவு சாத்திடும். "ஜனவரி 1-க்குக் குறைவு"ன்னு போடுங்க. இன்னொண்ணு, நாள்-மாத வரிசை கம்ப்யூட்டர் அமைப்போட ஒத்துப்போகலைன்னா 12-க்கு மேல் தேதி உள்ளதெல்லாம் வெறும் எழுத்தா இடது பக்கம் ஒட்டிக்கும், மீதி சத்தமில்லாம நாளும் மாசமும் இடம் மாறிடும். கூட்டுறதுக்கு முன்னாடி, தொடக்க இருப்பு கூட்டல் வரவு கழித்தல் பற்று, கடைசி இருப்போட ஒத்துப்போகுதான்னு ஒவ்வொரு கணக்குக்கும் பாருங்க.

தராசுமுள்:
ஒத்துப்போகலைன்னா வித்தியாசத்தை 9-ஆல வகுங்க. மீதியில்லாம வகுபட்டா, 54-ஐ 45-னு எழுதின மாதிரி இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு. இல்லைன்னா வித்தியாசத்துல பாதித் தொகையைத் தேடுங்க, பற்றுல போக வேண்டியது வரவுல போயிருக்கலாம். அது சரி, கணக்குப்பிள்ளை ஐயா, வங்கித் தாள்ல பணம் போனா டெபிட். உங்க என்ட்ரியில சொத்து கூடினா பற்று. எது சரி?

கணக்குப்பிள்ளை:
வங்கித் தாள் வங்கியின் பார்வையில் எழுதப்பட்டது. உங்கள் வைப்பு அவர்களுக்குக் கடன், அது குறைந்தால் அவர்கள் ஏட்டில் பற்று. உங்கள் ஏட்டில் வங்கிக் கணக்கு வரவாகும். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494-ல் இரட்டைப் பதிவை, அதாவது ஒவ்வொன்றையும் பற்றிலும் வரவிலும் எழுதும் முறையை, கண்டுபிடித்த காலத்திலிருந்து இதே விதிதான்.

தராசுமுள்:
கண்டுபிடிச்சாரா? இத்தாலிய வியாபாரிகள் அதுக்கு முன்னாடியே அப்படித்தான் எழுதிட்டிருந்தாங்க. அவர் அதை விளக்கிப் புத்தகத்துல போட்டார், வெனிஸ்ல அச்சாச்சு. அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
யார் கண்டுபிடித்தால் என்ன, 9,000 சொத்துதான்.

வெண்தாமரை:
வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்ந்து ஓடுற வண்டி, போன், இன்டர்நெட்டை எப்படிப் பிரிக்கிறதுன்னு யாராவது சொல்லுங்களேன். வருசக் கடைசியில அதுதான் பெரிய தலைவலி.

எக்செல் பைத்தியம்:
வண்டிக்கு ஓடோமீட்டர், மேடம். ஜனவரி 1-லயும் டிசம்பர் 31-லயும் எண்ணைக் குறிச்சு வைங்க, வித்தியாசம்தான் மொத்த ஓட்டம். தொழிலுக்கு ஓடின கிலோமீட்டரை மொத்தத்தால வகுத்தா வர்ற விகிதத்துல எரிபொருள், பழுது, இன்சூரன்ஸ் மூணையும் பிரிக்கலாம். வீட்டுப் பங்கைத் தொழில் பணத்துல கட்டியிருந்தா அது எடுப்பு, அதாவது முதலாளி சொந்தத் தேவைக்கு எடுத்த பணம், செலவில்லை.

ரொக்கமே ராஜா:
இன்சூரன்ஸ்னு சொல்லிட்டீங்களா? அவ்வளவுதான், அவர் மறுபடியும் கிளம்பிடுவார்.

கணக்குப்பிள்ளை:
கிளம்பத்தான் செய்வேன். டிசம்பர் மாதக் கரண்ட் பில் ஜனவரியில் வருகிறது. பணம் போகவில்லை, அதனால் டிசம்பரில் கரண்டே எரியவில்லை என்பீர்களா? அது கொடுபடவேண்டிய செலவு, இந்த 9,000-க்கு நேர் எதிர்ப் பக்கம். இரண்டையும் விட்டுவிட்டு எந்த மாதம் லாபம், எந்த மாதம் நஷ்டம் என்று பேசுவது ஜோசியம்.

தராசுமுள்:
ஐயா, அந்த 9,000-ஏ தப்பு. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 நாள். 12,000-ஐ 365-ஆல வகுத்து 92-ஆல பெருக்கினா 3,024.66. மிச்சம் 8,975.34.

எக்செல் பைத்தியம்:
வர்ற பிப்ரவரியில 29 இருந்தா பாலிசி காலம் 366 நாள். அப்போ 3,016.39.

ரொக்கமே ராஜா:
அடடா! இத்தனை நேரம் எந்த 9,000-க்காக என் கழுத்தைப் பிடிச்சீங்க வாத்தியாரே?

கணக்குப்பிள்ளை:
மாதக் கணக்கில் பிரிப்பதும் வழக்கத்தில் உள்ள முறைதான். முதலில் அந்த 9,000-ஐ உங்கள் டெபிட் கூட்டலிலிருந்து எடுங்கள். 25-ஐப் பற்றிப் பிறகு பேசலாம்.

ரொக்கமே ராஜா:
எடுக்க மாட்டேன்.