வாதோவீட்சே வீட்டில் ஓர் அப்பாவும் பிள்ளையும்

போலந்தில் கிராக்கோவ் வரை வேலை விஷயமாகப் போகிறவர்கள் வாதோவீட்சேக்கு ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள். சுமார் 50 கிலோமீட்டர்தான். பிற்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆன கரோல் வொய்த்திவா 1920 மே 18 அன்று பிறந்த ஊர். அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலைப் பார்க்கத்தான் போனேன். ஆனால் மனசில் நின்றுவிட்டவர் அவருடைய அப்பா.

வீடு கோயிலை ஒட்டியே இருக்கிறது, நடுவே ஒரு சந்து மட்டும். ஒரு யூதருக்குச் சொந்தமான கட்டடத்தில் வாடகைக்கு இருந்திருக்கிறார்கள். இப்போது அருங்காட்சியகம். ஜன்னலில் நின்றால் எதிரே கோயில் சுவரில் சூரியக் கடிகாரம். "காலம் ஓடுகிறது, நித்தியம் காத்திருக்கிறது" என்று போலிஷ் மொழியில் எழுதியிருக்கிறது. பையன் வளர்ந்ததெல்லாம் இதைப் பார்த்துக்கொண்டேதான்.

லோலெக் என்பது செல்லப்பெயர். 1929 ஏப்ரலில், ஒன்பது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, அம்மா எமிலியா இறந்துபோனார். அடுத்த மாதம் புதுநன்மை, அதாவது பிள்ளைகள் முதன்முறையாக நற்கருணை வாங்கும் சடங்கு. நம் வீடுகளில் புதுநன்மை என்றால் அம்மாக்கள் வாரக்கணக்காகப் படும் பாடு உங்களுக்கே தெரியும். அந்தப் பிள்ளை தாயில்லாமல் போய் நின்றிருக்கிறான். 1932 டிசம்பரில் அண்ணன் எட்மண்டும் போய்விட்டார். அவர் டாக்டர்; நோயாளியிடமிருந்து ஸ்கார்லெட் காய்ச்சல் தொற்றி 26 வயதிலேயே முடிந்துவிட்டது. அக்கா ஓல்கா, இவர் பிறப்பதற்கு முன்பே இறந்த குழந்தை. பன்னிரண்டு வயதில் வீட்டில் மிஞ்சியது அப்பாவும் இவரும்தான்.

அப்பாவின் பெயரும் கரோல். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. காலையும் ராத்திரியும் அவரே சமைப்பார். தன் பழைய ராணுவ உடுப்புகளைப் பிரித்து மகனுக்குச் சட்டை துணிமணி தைத்துக் கொடுத்தார். நடுராத்திரியில் விழித்துப் பார்த்தால் அப்பா முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருப்பார் என்றும், தனக்கு முதல் குருமடம் (குருவாகப் பயிற்சி பெறும் இடம்) அதுதான் என்றும் பாப்பரசரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தச் சின்ன அறைகளில் நின்றபோது இதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பெரியவர்களின் சிறுபிராயத்தை நாம் அற்புதங்களாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே நான் பார்த்தது, துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு அடுப்பு பற்றவைத்த ஒரு மனிதரை. எனக்கு அது போதும்.

வீடு இப்படி என்றால், வெளியே அவன் சாதாரணப் பையன். கால்பந்தில் கோல்கீப்பர். ஊரில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அணி, யூதப் பிள்ளைகள் ஓர் அணி என்று ஆடுவார்களாம். யூத அணியில் ஆள் குறைந்தால் இவன் அந்தப் பக்கம் போய்விடுவான். நெருங்கிய நண்பன் யெஷி க்ளூகர், ஊர் யூத சமூகத் தலைவரின் மகன். 2000-ல் எருசலேமில், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான யாத் வஷேம் நினைவிடத்தில் பேசும்போது, நாஜிகள் காலத்தில் மாண்ட, பிழைத்த தன் யூத நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் நினைவுகூர்ந்தார். அந்தப் பேச்சின் வேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறது.

அப்புறம், 1938-ல் கிராக்கோவ் பேராயர் சபியேஹா பள்ளிக்கு வந்தபோது வரவேற்புரை சொன்னது இவர்தான். பையன் குருமடத்துக்கு வருவானா என்று பேராயர் கேட்க, இலக்கியம் படிக்கப் போகிறான் என்றார்கள். நான்கே ஆண்டுகளில், நாஜி ஆக்கிரமிப்புக்கு நடுவே, அதே பேராயரின் ரகசியக் குருமடத்தில் சேர்ந்தார். அதைப் பார்க்க அப்பா இல்லை. 1941 பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார்.

போகிறவர்களுக்கு ஒன்று: வழியில் கல்வாரியா செப்ஷிதோவ்ஸ்கா திருத்தலம் இருக்கிறது, அப்பாவும் பிள்ளையும் யாத்திரை போன இடம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1986 பிப்ரவரி 5-ல் பாப்பரசர் சென்னைக்கு வந்தபோது நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன், படிக்க ஆசையாக இருக்கிறது.