ரிக்லி ஃபீல்டின் இரண்டு கொடிகள்

சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ரிக்லி ஃபீல்ட் திறந்தது 1914-இல், ஊர் அணியான கப்ஸ் அங்கே குடிவந்தது 1916-இல். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் மைதானங்களில் இதைவிட வயதானது பாஸ்டனின் ஃபென்வே (1912) மட்டும்தான். உள்ளே போனதும் ஸ்கோர்போர்டு மேலே பறக்கும் கொடிகளைப் பாருங்கள். ஹோம் பிளேட் (பந்தை அடிப்பவர் நிற்கும் இடம்) பக்கம் பறந்தால் காற்று மிச்சிகன் ஏரியிலிருந்து வருகிறது. ஏப்ரலில் ஏரி சில்லென்று கிடக்கும். சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகவேண்டிய பந்து அந்தக் காற்றில் சுவருக்கு முன்னாலேயே கேட்ச் ஆகிவிடும். கோடையில் தென்மேற்குக் காற்று அடித்தால் கதையே தலைகீழ். 1979 மே 17 ஆட்டம்: ஃபிலடெல்பியா அணி ஃபில்லீஸ் 23, கப்ஸ் 22. பத்து இன்னிங்ஸ், 11 ஹோம் ரன்!

*

அந்தக் கொடி சரி, சுவரில் படர்ந்த கொடியை விட்டுவிட்டீர்களே! அவுட்ஃபீல்டின் செங்கல் சுவரை மூடியிருக்கும் ஐவி கொடி 1937-இல் கப்ஸில் வேலைபார்த்த பில் வீக் நட்டது. பந்து அதற்குள் போனால் அடித்தவருக்கு இரண்டு பேஸ் (ஓடிச் சேரும் முனைகள்).

*

சின்னத் திருத்தம். போனாலே இரண்டு பேஸ் கிடையாது, சிக்கிக்கொள்ள வேண்டும். அவுட்ஃபீல்டர் (சுவர்ப் பக்கம் நிற்கும் ஃபீல்டர்) கொடியைத் தொடாமல் இரண்டு கையையும் தூக்கி நிற்க வேண்டும். அம்பயர் வந்து பார்த்துச் சொல்வார். அவசரப்பட்டுக் கையை விட்டுத் துழாவினால் ஆட்டம் நடக்கிறது என்றே கணக்கு, ஓடுகிறவர் ஓடிக்கொண்டே இருப்பார். ஏப்ரலில் இலை இருக்காது, வெறும் தண்டுதான்; பந்து செங்கல்லில் பட்டுத் தெறித்துவிடும். சுவருக்கு மெத்தையும் கிடையாது. முழு வேகத்தில் போய் மோதினால் எலும்புக்கு உத்தரவாதம் இல்லை.

*

ஸ்கோர்போர்டும் 1937-தான். மற்ற ஊர் ஆட்டங்களின் ஸ்கோரை ஆட்கள் உள்ளே ஏறி நின்று தகடு தகடாகக் கையால் மாற்றுகிறார்கள். மேலே பறக்கும் அணிக் கொடிகளின் வரிசையே பாயின்ட்ஸ் டேபிள்: அந்தப் பிரிவில் முதலிடத்தில் இருப்பவரின் கொடி உச்சியில். ஆட்டம் முடிந்ததும் வெள்ளையில் நீல 'டபிள்யூ' ஏறினால் கப்ஸ் ஜெயித்தது. நீலத்தில் வெள்ளை 'எல்' என்றால் தோற்றது. பக்கத்தில் ஓடும் ரயிலில் போகிறவர்களுக்கும் முடிவு தெரிந்துவிடும்.

*

விளக்கு விஷயம். இரவாட்டத்துக்கு விளக்கு போட 1941-இல் வாங்கி வைத்த இரும்பை, பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் போருக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 1988 வரை பகலாட்டம்தான். ஆகஸ்ட் 8-இல் விளக்கு எரிந்தது, மூன்றரை இன்னிங்ஸில் மழை கொட்டிவிட்டது. கணக்கில் ஏறிய முதல் இரவாட்டம் மறுநாள், நியூயார்க் அணி மெட்ஸுடன்; கப்ஸ் 6-4 என ஜெயித்தது.

இப்போதும் பகலாட்டம் நிறைய. வெயில் ஆகாதவர்கள் மூன்றாம் பேஸ் பக்கம் எடுங்கள், பிளீச்சரில் (அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் உள்ள கூரையில்லாத இருக்கைகள்) நிழலே கிடையாது. 200-களில் எண்ணிட்ட பிரிவுகளில் பின்சீட் விலை குறைவென்று ஏமாறாதீர்கள். முன்னால் தூண் நிற்கும். மேல்தளம் வேறு இறங்கி மறைப்பதால் உயர எழும் பந்து பாதியில் காணாமல் போகும்.