புவித்தொடுப்பு ஒன்று, கூடுமுனை வேறு

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

போன வாரம் நம் கலைச்சொல் குழுவின் மூத்தவர் ஒருவர் எழுதியிருந்தார்:

> எர்த்திங், கிரவுண்டிங் இரண்டுக்கும் புவித்தொடுப்பு போதும். பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

வீட்டு வயரிங்குக்குப் போதும், ஐயா. மின்னணுப் பலகைகள் செய்யும் இடத்தில் போதவில்லை. என் கண்முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு சிறிய தொழிற்கூடத்தில், பலகைகளில் சால்டரிங் செய்யும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஏழாம் மேசையிலிருந்து வந்த பலகைகள் மட்டும் சோதனையில் அதிகமாக விழுந்தன. அந்த மேசைப் பெண் மிக ஒழுங்கானவர். உடம்பில் சேரும் நிலைமின்னை வயர் வழியே வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டையைக் கையில் கட்டி, வாசலில் இருக்கும் சோதனைக் கருவியில் விரல் வைத்து, பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே வருவார். "எர்த் போட்டுத்தானே சார் வேலை செய்றேன், அப்புறம் எப்படி?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பட்டையைச் செருகும் ஜாக்கிலிருந்து பச்சை வயர் இறங்கி, மேசைச் சட்டத்தில் போல்ட் போட்டு நன்றாகவே முடுக்கப்பட்டிருந்தது. ஆனால் சட்டம் முழுக்கப் பவுடர் கோட்டிங். வயரின் வளையம் பெயிண்ட் மேல்தான் உட்கார்ந்திருந்தது. பலகையை வைத்து வேலை செய்யும் மேசை விரிப்பின் வயரோ தனியாகச் சுவரிலிருந்த எர்த் பட்டைக்குப் போனது. ஜாக்குக்கும் விரிப்பின் வயருக்கும் இடையே மீட்டர் வைத்தேன். ஓப்பன். அவர் உடம்பு ஒரு பக்கம், பலகை இன்னொரு பக்கம், நடுவில் எந்தத் தொடர்பும் இல்லை. வாசல் கருவி சோதிப்பது அவரையும் பட்டையையும் மட்டும்தான். மேசை ஜாக் எங்கே போய்ச் சேர்கிறது என்று அதற்குத் தெரியாது. அவருக்கும் தெரிய வழியில்லை. ஏறக்குறைய 3000 வோல்ட் ஏறினால்தான் நிலைமின் அதிர்ச்சி விரலுக்கு உறைக்கும். 100 வோல்ட்டிலேயே கெட்டுப்போகும் உறுப்புகள் உண்டு.

இரண்டு வயரையும் கழற்றி ஒரே செப்புக் கட்டையில் சேர்த்து, அதிலிருந்து ஒரு வயரை எர்த்துக்குக் கொண்டுபோனோம். சிக்கல் தீர்ந்தது.

இங்கே குற்றவாளி அந்த வயரைப் போட்டவர் மட்டுமல்ல, சொல்லும்தான் என்பது என் எண்ணம். 'எர்த் போட்டாச்சா?' என்று கேட்டால் பச்சை வயரைக் காட்டி 'போட்டாச்சு' என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆள், விரிப்பு, சால்டரிங் அயர்ன் எல்லாம் எந்த இடத்தில் ஒன்று சேர்கின்றன? நிலைமின் பாதுகாப்பில் மண்ணைத் தொடுவதைவிட இதுதான் முதன்மை. மண்ணே இல்லாத விமானத்திலும் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்து ஒரே மின்னழுத்தத்தில் வைத்தால் போதும். நிலைமின் பாதுகாப்புக்கான ஏஎன்எஸ்ஐ/ஈஎஸ்டி எஸ்20.20 என்ற அமெரிக்கத் தரநிலையும் இதை ஏற்கிறது.

அந்தச் சேருமிடத்துக்குக் கூடுமுனை என்ற சொல்லை முன்வைக்கிறேன். பவானி கூடுதுறையை நினைத்துப் பாருங்கள். ஆறுகள் கூடும் துறை கூடுதுறை என்றால், வயர்கள் கூடும் முனை கூடுமுனை. இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு என்று வயரைச் சங்கிலிபோல் இழுக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நடுவில் ஒரு போல்ட் தளர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை மேசையும் அம்போ. கூடுமுனை என்று சொல்லிப் பழகியவர் அப்படி இழுக்கக் கொஞ்சம் யோசிப்பார்.

புவித்தொடுப்பு தன் இடத்தில் இருக்கட்டும். கரியும் உப்பும் போட்டு மூடி, சித்திரை வெயிலில் மண் காய்ந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறோமே, அந்த எர்த் குழிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. பலகைக்குள் வரும் கிரவுண்ட் மூன்றாவது. பேட்டரி ரேடியோவில் மண்ணுக்கு ஏது இடம்? மற்ற மின்னழுத்தங்களை அளக்கத் தொடங்கும் மட்டம் அது. சுழி என்றால் பூச்சியம் என்பதால், அதற்குச் சுழிமட்டம் சரியாக வரும் என்று தோன்றுகிறது.

---

> தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சுழிமட்டம் நல்ல சொல். கூடுமுனையில்தான் எனக்கு ஒரு தயக்கம். கருவியின் உலோக உறையைக் கூடு என்று சொல்வோரும் உண்டு. மாணவர்கள் 'கூட்டில் உள்ள முனை' என்று விளங்கிக்கொண்டால், நீங்கள் சொன்ன அதே பிழையைத் திரும்பச் செய்வார்கள். சட்டத்தில் போல்ட் போட்டுவிட்டு, இதுதான் கூடுமுனை என்பார்கள்.

---

ஐயா, நல்ல கேள்வி. ஒரு நாள் முழுக்க இதையே யோசித்தேன். கூட்டில் உள்ள முனை என்றால் டகரம் இரட்டித்துக் 'கூட்டுமுனை' ஆகியிருக்கும். வீடு வீட்டுக்கூரையில், ஆடு ஆட்டுக்காலில் இரட்டிப்பதுபோல. கூடுமுனை வினைத்தொகை: கூடிய, கூடுகின்ற, கூடும் முனை. அதனால் இலக்கணம் நம் பக்கம். ஆனாலும் மேசைக்கடியில் குனிந்திருப்பவர் இலக்கணம் பார்க்க மாட்டார் என்ற உங்கள் கவலை நியாயமானது. எனவே ஒன்று செய்கிறேன். வரும் திங்களன்று பன்னிரண்டு மேசைகளிலும் செப்புக் கட்டைக்குப் பக்கத்தில் 'கூடுமுனை' என்று எழுதி ஒட்டுகிறோம். சட்டத்துப் போல்ட்டுகளில் எதுவும் எழுதப்போவதில்லை. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு இங்கே எழுதுகிறேன்.