மறுமொழி: ஃபிஷிங் – ‘மின்தூண்டில்’ வேண்டாம், ‘தூண்டில்’ போதும்

வணக்கம்.

வங்கி, அலுவலகம் போல நடித்துப் போலிச் செய்தி அனுப்பிக் கடவுச்சொல்லையோ பணத்தையோ பறிப்பதை ஆங்கிலத்தில் ஃபிஷிங் (phishing) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: மோசடி, இணைய ஏய்ப்பு, மின்தூண்டில், அப்புறம் ஃபிஷிங் என்றே விட்டுவிடலாம் என்ற யோசனை. மோசடி ரொம்பப் பெரிய சொல். சீட்டுப் பணத்தோடு ஓடியவனும் மோசடிக்காரன், ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்றவனும் மோசடிக்காரன். ஏய்ப்பு என்றதும் வரி ஏய்ப்புதான் நினைவுக்கு வருகிறது.

ஆங்கில வேரைப் பார்த்துத்தான் தமிழாக்க வேண்டும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஏமாற்றுச் சொற்களில் அது சரிவராது. ஏமாற்றுவதைக் குறிக்கும் ‘சீட்’ (cheat) என்ற சொல் ‘எஸ்சீட்’ (escheat) என்ற நிலச் சட்டச் சொல்லின் தேய்வு. வாரிசில்லாமல் இறந்தவரின் நிலம் பிரபுவுக்கோ அரசருக்கோ போய்ச் சேரும் முறைக்கு அந்தப் பெயர். அந்த வேலையைப் பார்த்த அதிகாரிகள் செய்த அடாவடியால் சொல்லுக்கே கெட்ட பெயர் வந்தது. ‘டியூப்’ (dupe) என்றால் ஏமாளி. அது பிரெஞ்சுச் சொல்; அசட்டுப் பறவை என்று அவர்கள் நினைத்த கொண்டலாத்தியின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். ஏமாற்று வேலைக்குச் சொல்லும் ‘கான்’ (con) என்பது நம்பிக்கையைக் குறிக்கும் ‘கான்ஃபிடன்ஸ்’ என்பதன் சுருக்கம். நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்பவன் நன்றாக உடுத்தி, முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுத்து, “நாளை வரை உங்கள் கடிகாரத்தைக் கொடுத்து வைக்கும் அளவுக்கு என் மேல் நம்பிக்கை இருக்கிறதா?” என்று கேட்பானாம். கொடுத்திருக்கிறார்கள்! 1849-இல் பிடிபட்டபோது செய்தித்தாள் அவனை ‘நம்பிக்கை மனிதன்’ என்றே எழுதியது. இந்த வேர்களைத் தமிழாக்கினால் நமக்கு என்ன கிடைக்கும்? நிலமும் பறவையும்தான் கிடைக்கும்.

ஃபிஷிங்கிலும் அந்த விநோத எழுத்துக்கூட்டுக்கு ஒரு கதை உண்டு. தொலைபேசி இணைப்பகங்களை 2600 ஹெர்ட்ஸ் ஒலியால் ஏமாற்றி இலவசமாகப் பேசியவர்கள் ‘ஃபோன்’ (phone) என்பதன் முதல் எழுத்துகளை ஒட்டித் தங்களை ‘ஃப்ரீக்’ (phreak) என்று எழுதிக்கொண்டார்கள். 1990-களின் நடுவில் அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையின் கடவுச்சொற்களைத் திருடியவர்கள் அதே பாணியில் மீன்பிடிப்பை (fishing) ‘phishing’ என்று திரித்து எழுதினார்கள். அது அவர்கள் எழுத்தில் ஆடிய விளையாட்டு. தமிழில் அதைக் காட்ட ‘தூன்டில்’ என்று பிழையாக எழுதலாம் என்ற யோசனையை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் தூண்டில் நல்ல சொல். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. தூண்டு என்ற வினையிலிருந்து வந்தது தூண்டில். என் அத்தைக்கு வந்த குறுஞ்செய்தியைப் பாருங்கள்: போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள். அப்போது மணி ஏழு. தாத்தா படுத்த படுக்கை, மின்விசிறி இல்லாமல் முடியாது. அத்தை கண்ணாடியைக்கூடப் போடாமல் எண்ணை அழுத்தத் தொடங்கிவிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தார். அந்த 9.30 தான் தூண்டுதல். இரையைவிட அவசரம்தான் ஆளைச் சிக்கவைக்கிறது, அது நம் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

இது ஆங்கில உருவகத்தின் நகல் என்ற வாதமும் நிற்காது. குறளில் சூது அதிகாரத்தின் முதல் பாட்டே, சூதில் கிடைத்த வெற்றியைத் “தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று” என்கிறது. அந்தப் பொன் இரும்பு முள்தான் என்கிறார் பரிமேலழகர். ஆசை காட்டிச் சிக்கவைப்பதற்குத் தூண்டில் நமக்குப் பழைய உவமை.

பின் ஏன் ‘மின்’ வேண்டாம் என்கிறேன்? மின்தூண்டி என்ற கம்பிச்சுருள், மின்காந்தத் தூண்டல் எல்லாம் இயற்பியலில் ஏற்கெனவே புழங்குகின்றன. மின்தூண்டில் என்று எழுதினால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு அந்தக் கம்பிச்சுருள்தான் நினைவுக்கு வரும். குரல் அழைப்பில் வருவதற்கும், கடைச் சுவரில் ஒட்டிய போலி கியூஆர் குறிக்கும் மின் என்ற ஒட்டும் தேவையில்லை.

தூண்டில் என்று மட்டும் வைத்தால் குடும்பமே எளிதாக வருகிறது. தூண்டில் மடல், தூண்டில் தளம், குரல் தூண்டில், குறுஞ்செய்தித் தூண்டில். வினைக்குத் தூண்டிலிடு. அனுப்பப்படும் இணைப்புக்குத் தூண்டில் முள் என்றே சொல்லலாம், மீன் பிடிப்பவர்கள் வாயில் இருக்கும் சொல்தான். ஒருவரின் பெயர், பதவி எல்லாம் தெரிந்துகொண்டு அவருக்கென்றே அனுப்புவதை ஆங்கிலத்தில் ஈட்டியோடு சேர்த்து ‘ஸ்பியர் ஃபிஷிங்’ (spear phishing) என்று சொல்கிறார்கள். ஈட்டித் தூண்டில் என்று ஒரு கருவி கிடையாது. ‘ஆளறி தூண்டில்’ என்று வினைத்தொகையாக வைக்கலாம் என்பது என் பரிந்துரை. இதில் மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. இன்னும் குறுகியதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். திங்களன்று சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்