வக்கீல் சட்டைக்குக் கழற்றி மாட்டும் கஃப்: மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே போகிறது, எப்படி நிறுத்துவது?

வண்ணாரப்பேட்டை தையல்

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுக்குப் பின்பக்கம் வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார்தான் அதிகம். ஆண்கள் சட்டை ஆல்ட்ரேஷனும் வரும்.

ஹைகோர்ட்டுக்குப் போகிற வக்கீல் ஒருவர் தன்னுடைய ஃபுல் ஹேண்ட் வெள்ளைச் சட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். உடம்பும் தோளும் நன்றாக இருக்கின்றன. கையின் முனையில் மணிக்கட்டைச் சுற்றி வரும் கஃப் மட்டும்தான் போய்விட்டது. விளிம்பு நைந்து, விறைப்புக்காக உள்ளே இருக்கிற கேன்வாஸ் துணி தெரிகிறது. கறுப்புக் கோட்டுக் கைக்குள்ளேயே நாளெல்லாம் இருப்பதால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வேறு படிந்துவிட்டது, துவைத்தும் போகவில்லை. “கழுத்துக்கு வெள்ளைப் பட்டை, பேண்டு, தனியாகத்தானே கட்டுகிறேன், கஃப்பையும் அதே மாதிரி தனியாக வைத்துக் கொடுங்களேன்” என்று கேட்டார். எனக்கும் அது சரியான யோசனையாகப் பட்டது.

ஒரு சட்டையில் பழைய கஃப்பை அறுத்து எடுத்துவிட்டு, கையின் முனையை மடித்து எம்மிங் செய்தேன். அதன்மேல், அழுத்தினால் மாட்டிக்கொள்ளும் டிச் பட்டன் மூன்றைச் சம இடைவெளியில் வைத்தேன். புதுக் கஃப்பை வழக்கமான மாதிரி ஒரு பட்டன், ஒரு காஜாவோடு (பட்டன் துளை) தைத்து அதில் மாட்டினேன். போட்டுப் பார்த்தவர் சொன்னது:

கஃப் மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி, திறப்பு கைக்கு அடியில் போய்விடுகிறது. கையைத் தொங்கவிட்டால் உள்ளங்கை வரைக்கும் இறங்குகிறது. கையைத் தூக்கினால் கஃப்புக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் தோல் தெரிகிறது. ஒரு தடவை துவைத்ததும் கஃப் சுருங்கி, டிச் பட்டன்கள் ஒன்றுக்கொன்று நேராக உட்காரவில்லை.

மற்ற சட்டைகளை இன்னும் தொடவில்லை. எப்படிச் செய்தால் சரியாக நிற்கும்?

கட்டிங் மாஸ்டர், தங்கசாலை

அம்மா, முதலில் ஒன்று கேட்கிறேன். கையின் முனையில் பட்டி எதுவும் இல்லையா? வெறும் எம்மிங் மட்டும்தானா? கைத் துணியின் மடிப்பு, அதாவது பிளீட், எங்கே போய் நிற்கிறது?

வண்ணாரப்பேட்டை தையல்

ஆமாம் மாஸ்டர், வெறும் எம்மிங்தான். பிளீட் இரண்டையும் அப்படியே மடித்து எம்மிங்கோடு சேர்த்துவிட்டேன்.

கட்டிங் மாஸ்டர், தங்கசாலை

அங்கேதான் விஷயம் இருக்கிறது. சட்டைக் கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்துவது கஃப்தான். கை மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்த இழுப்பு முழுவதும் அதன்மேல்தான் விழும். அதை அறுத்துவிட்டுத் தளர்ந்த துணி முனையில் புதுக் கஃப்பைத் தொங்கவிட்டால், அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சுற்றும், இறங்கும்.

கழற்றி மாட்டும் காலர் போட்ட அந்தக் காலத்துச் சட்டைகளைப் பாருங்கள். கழுத்தில் ஒரு குட்டைப் பட்டி சட்டையோடு சேர்ந்தே இருக்கும். பின்னால் ஒரு ஸ்டட், அதாவது கழற்றி மாட்டும் பட்டன், முன்னால் ஒரு ஸ்டட். காலர் அந்தப் பட்டியின் மேல் உட்காரும். பிடிமானம் பட்டியின் வேலை, காலர் பார்வைக்கு மட்டும். கஃப்புக்கும் அதே முறைதான். உள்ளே ஒரு பட்டி மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், அதன்மேல் கழற்றும் கஃப் உட்கார வேண்டும்.

மற்ற சட்டைகளில் பழைய கஃப்பை முழுசாக அறுக்காதீர்கள். அதையே உள்பட்டி ஆக்கிக்கொள்ளலாம். சாதாரணமாகக் கஃப் உயரம் இரண்டரை இஞ்ச் இருக்கும், பட்டன் நடுவில், அதாவது தையலிலிருந்து ஒன்றேகால் இஞ்சில் இருக்கும். நைந்திருப்பது கீழ் விளிம்பு மட்டும். அந்த விளிம்பிலிருந்து அரை இஞ்ச் வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் கேன்வாஸை இன்னும் கால் இஞ்ச் கூடுதலாகக் கத்தரித்து, துணி இரண்டையும் கால் இஞ்ச் உள்ளே மடித்து ஓரத்தில் ஒரு தையல் போடுங்கள். ஒன்றேமுக்கால் இஞ்சில் சுத்தமான பட்டி கிடைத்துவிடும். பட்டனும் காஜாவும் இருந்த உயரத்திலேயே இருக்கும்.

இப்போது புதுக் கஃப்பை இரண்டேமுக்கால் இஞ்ச் உயரத்தில் வெட்டி, அதன் நடுக்கோடு பழைய பட்டன் கோட்டின் மேல் வருகிற மாதிரி உட்கார வையுங்கள். நடுவிலிருந்து கீழே ஒன்றேகாலோடு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) இஞ்ச் சேர்ந்து வரும், மேலேயும் அவ்வளவே. கீழே பழைய கஃப் முடிந்த இடத்துக்கு அரைக்கால் இஞ்ச் தாண்டி முடியும், மேலே பழைய தையலை அரைக்கால் இஞ்ச் மூடிவிடும். கையின் நீளம் மாறவே மாறாது, தோலும் தெரியாது. அறுத்துவிட்ட சட்டைக்கு மட்டும் ஒன்றேமுக்கால் இஞ்சில் புதுப் பட்டி வைத்துவிடுங்கள், பிளீட்டை அதற்குள் விட்டு.

அளவு: அவர் மணிக்கட்டு எவ்வளவு?

வண்ணாரப்பேட்டை தையல்

ஆறேமுக்கால் இஞ்ச், மாஸ்டர்.

கட்டிங் மாஸ்டர், தங்கசாலை

அப்படியானால் உள்பட்டி பட்டன் போட்டபின் எட்டேகால் இஞ்ச் இருக்கட்டும். பழைய கஃப் ஒன்பது, ஒன்பதரை இருக்கும். பட்டனை உள்ளே தள்ளி வைத்தால் போதும். எட்டேகாலில் உள்ளங்கையின் புடைப்பைத் தாண்டி இறங்காது.

மேல் கஃப் அதே அளவில் இருந்தால் உட்காராது. அடியில் பட்டியின் தடிமன், அது ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடம், பட்டன் எல்லாம் இருக்கின்றன. தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கூடும். அதனால் முக்கால் இஞ்ச் சேர்த்து ஒன்பது வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று டிச் பட்டனைச் சம இடைவெளியில் வைத்ததை எடுத்துவிடுங்கள். டிச் பட்டன் நேர் இழுப்பில் விட்டுவிடும். திறப்புக்கு நேர் எதிர்ப்பக்கம், கட்டைவிரல் பக்கமாக, உள்பட்டியின் மேல் தட்டையான சின்னப் பட்டன் இரண்டு, இரண்டு இஞ்ச் இடைவெளியில் தையுங்கள். மேல் கஃப்பின் நடுக்கோட்டில் அதற்கு இரண்டு காஜா. ஒரே பட்டனாக இருந்தால் கஃப் சாயும். இரண்டு இருந்தால் சுற்றவும் முடியாது, சாயவும் முடியாது.

ராயபுரத்திலிருந்து

மாஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய ஆடைகளின் அமைப்பைத் தேடிப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. தனிக் காலர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் ஊரில் 1827-இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஹன்னா மாண்டேக் என்ற பெண், காலர் மட்டும் அழுக்காகும் சட்டையை முழுதும் துவைப்பானேன் என்று காலரை வெட்டித் தனியாகத் துவைத்தார். அப்புறம் அந்த ஊரே காலரும் கஃப்பும் செய்யும் ஊராக மாறிவிட்டது.

அந்தக் காலத்துக் கஃப்களில் எனக்கு மிகவும் பிடித்தது திருப்பிப் போடும் வகை. ஒரு விளிம்பு அழுக்கானதும் தலைகீழாக்கி மறு விளிம்பைக் கைப்பக்கம் கொண்டுவருவார்கள். மாஸ்டர் சொல்லும் கஃப்பில் காஜா எல்லாம் நடுக்கோட்டில் வருவதால் அது இங்கேயும் நடக்கும். ஆனால் ஒரு முனையில் பட்டன், மறுமுனையில் காஜா என்று வைத்தால், தலைகீழாக்கும்போது முனைகள் இடம் மாறிவிடும். வலது கைக் கஃப்பை இடது கையில்தான் போட வேண்டியிருக்கும். இரண்டு முனையிலும் காஜா வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோக்கும் கஃப் லிங்க் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை. இரண்டு பக்கத் துணியும் ஒரே தரமாக இருந்தால் உள்பக்கத்தை வெளியேயும் போடலாம். ஒரே கஃப்பில் நான்கு சுத்தமான விளிம்பு கிடைக்கும்.

வண்ணாரப்பேட்டை தையல்

இது அருமையான யோசனை. லிங்க் வைத்தால் ஒன்பது இஞ்சை எங்கிருந்து எங்கே அளப்பது? இன்னொன்று, உள்ளே பிளாஸ்டிக் ஷீட் வைத்தால் கஞ்சி போடாமலே விறைப்பாக நிற்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். வைக்கலாமா?

கட்டிங் மாஸ்டர், தங்கசாலை

காஜாவிலிருந்து காஜாவுக்கு ஒன்பது. இரண்டு முனையிலும் அரை அரை இஞ்ச் வெளியே நீளட்டும், மொத்தம் பத்து. முனைகள் ஒன்றையொன்று தொட்டபடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் கோட்டுக் கையின் வாய் அளவையும் ஒரு தடவை பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நீட்டலைக் குறைத்துக்கொள்ளலாம்.

ராயபுரத்திலிருந்து

பிளாஸ்டிக் வேண்டாம். 1870-களில் செல்லுலாய்டு காலரும் கஃப்பும் வந்தன. ஈரத் துணியால் துடைத்தாலே சுத்தம், துவைக்கவே வேண்டாம் என்று விற்றார்கள். ஆனால் செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும், வியர்வையையும் உறிஞ்சாது. இப்போதைய ஷீட் அப்படிப் பற்றி எரியாது என்றாலும், நம்ம ஊர் வெயிலில் மணிக்கட்டைச் சுற்றி வியர்வை தங்கிப் புண்ணாகிவிடும். இஸ்திரியும் போட முடியாது.

பாரிமுனை ஜூனியர்

நானும் வக்கீல்தான். உடை விதியைப் பற்றிச் சந்தேகம் வர வேண்டாம். பார் கவுன்சில் விதியில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலர், அது விறைப்பாகவும் இருக்கலாம் மென்மையாகவும் இருக்கலாம், வெள்ளைப் பேண்டு என்றுதான் இருக்கிறது. கஃப் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

அந்தச் சாம்பல் கோட்டைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவருடைய கோட்டை வாங்கிக் கையின் உள் லைனிங்கைப் பாருங்கள் அக்கா. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் சாயம் போகிறது என்று அர்த்தம். கஃப் எத்தனை மாற்றினாலும் கோடு வரும். என் கோட்டில் கையின் முனையில் மட்டும் மூன்று இஞ்சுக்கு வெள்ளைப் பருத்தி லைனிங் மாற்றி வைத்துக்கொண்டேன், அப்புறம் கோடு வருவது நின்றுவிட்டது.

கோட்டைக் கழற்றி உட்கார்ந்தால் அந்த இரண்டு பட்டன் கட்டைவிரல் பக்கம் வெளியே தெரியுமே, அதற்கு என்ன செய்வது மாஸ்டர்?

கட்டிங் மாஸ்டர், தங்கசாலை

நல்ல கேள்வி தம்பி. கோட்டுக்குள் தெரியாது. கோட்டில்லாமலும் போடுவார் என்றால் மேல் கஃப்பில் காஜா வெட்ட வேண்டாம். உள்பக்கத்தில் நூல் லூப் இரண்டு போட்டு, பட்டனை அதில் மாட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே வெளியே திருப்பும் வசதி மட்டும் போய்விடும், தலைகீழாக்கும் வசதி அப்படியே இருக்கும். எனக்கு லூப்தான் பிடிக்கும். ஆனால் லூப் தளர்வாக இருக்கக்கூடாது, பட்டன் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

சுருக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லையே. கோடவுன் தெருவில் வாங்கிய துணியாக இருந்தாலும் சரி, கடைத் துணியாக இருந்தாலும் சரி, பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். நீளவாட்டில் ஓடும் பாவு நூல் பக்கம்தான் அதிகம் சுருங்கும். கஃப்பில் பாவு மணிக்கட்டைச் சுற்றித்தான் ஓடும், அதனால்தான் உங்கள் டிச் பட்டன் நேராக வரவில்லை. துணி, கேன்வாஸ் இரண்டையும் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் வெட்டுங்கள். இஸ்திரிச் சூட்டில் ஒட்டுகிற ஃபியூசிங் துணி வேண்டாம். கஞ்சி போட்டு அழுத்தித் தேய்க்கப்போகிற பொருளில் அது கொஞ்ச நாளில் விட்டுக் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தைக்கிற பருத்திக் கேன்வாஸ் போடுங்கள், தையல் விளிம்புக்குள் போகாத மாதிரி கால் இஞ்ச் குறைத்து வெட்டி.

சலவை வீட்டுப் பிள்ளை

கஞ்சி என்றதும் வந்துவிட்டேன். கம்பெனிக் காலத்திலிருந்து துணி வெளுத்த பேட்டை நம்முடையது. எங்கள் வீட்டிலும் சலவைதான் தொழில்.

வேட்டிக்குப் போடுகிற வடித்த கஞ்சி கஃப்புக்குப் போதாது. அது வளைந்துகொடுக்கிற விறைப்புத்தான் தரும். கஃப் நிற்க வேண்டுமானால் பச்சைக் கஞ்சி. பச்சரிசியை ஊறவைத்து வழவழவென்று அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் படிகிற மாவை மட்டும் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைக்கவும், பால் பதத்துக்கு. கஃப்பை அதில் முக்கிக் கையால் நன்றாகத் தேய்த்து உள்ளே ஏற்றவும். பிழிந்து, உலர்ந்த துண்டில் சுருட்டிக் கொஞ்ச நேரம் வைக்கவும். பிறகு ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் இஸ்திரி. மாவு துணிக்குள்ளேயே வேகும், அதனால்தான் அந்த விறைப்பு வரும். மேலே மாவு படிந்திருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியில் ஒட்டிக் கருகும்.

உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் பிறகு. முனையிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும், நடுவிலிருந்து முனைக்கு வந்தால் சுருக்கம் முனையில் சேரும். சூடு ஆறுவதற்குள் ஒரு பாட்டிலில் சுற்றிக் கட்டிவிடுங்கள், வளைவு நிற்கும். தட்டையாக ஆறவிட்டு அப்புறம் வளைத்தால் உடைந்த கோடு விழும்.

துணி முழுப் பருத்தியா என்று பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. பாலியஸ்டர் கலந்ததில் கஞ்சி சரியாக ஏறாது. ஒன்று, மழைக்காலத்தில் கடற்காற்றுக்குக் கஞ்சி இளகும். அந்த மாதங்களில் மாற்றுக் கஃப் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தனிக் கஃப்பின் வசதியே அதுதானே.

வண்ணாரப்பேட்டை தையல்

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்ன மாதிரி ஒரு சட்டையில் பழைய கஃப்பைக் குறைத்து உள்பட்டி ஆக்கி, லூப் வைத்து, லிங்க் கஃப் மாட்டிக் கொடுத்தேன். வக்கீல் சார் கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போய்வந்தார். சுற்றவில்லை, இறங்கவில்லை, கையைத் தூக்கினாலும் தோல் தெரியவில்லை என்கிறார். கோட்டு லைனிங்கைத் தேய்த்துப் பார்த்தேன், சாயம் போகத்தான் செய்கிறது. வெள்ளை லைனிங் வைக்கிறேன்.

ஒரே ஒரு குறை. பச்சைக் கஞ்சி போட்ட விளிம்பு எழுதும்போது மணிக்கட்டு எலும்பில் உரசிச் சிவக்கிறதாம். விறைப்பைக் குறைத்துவிடட்டுமா?

சலவை வீட்டுப் பிள்ளை

விறைப்பைக் குறைக்க வேண்டாம் அக்கா. இஸ்திரி முடிந்ததும் ஈரத் துணியை விரலில் சுற்றி விளிம்பை மட்டும் ஒரு முறை தடவிவிட்டு, ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். கூர் போய் மழுங்கிவிடும்.

கட்டிங் மாஸ்டர், தங்கசாலை

அதோடு மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு. நான்கு மூலையும் ஒரே மாதிரி இருக்கட்டும், இல்லாவிட்டால் தலைகீழாக்கும்போது வித்தியாசம் தெரியும்.