மறு: மூர்லாண்ட் – தரிசா, புல்வெளியா, புறவா?

> இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு இயற்கைக் காப்பகம் பற்றி எழுதுகிறேன். தமிழில் மூர்லாண்டுக்குத் (moorland) 'தரிசு நிலம்', அங்குள்ள பீட் (peat) மண்ணுக்கு 'முற்றா நிலக்கரி' என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

தரிசு வேண்டாம் ஐயா. ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்து வருவது குப்பை லாரிதான், பள்ளிக்கரணைச் சதுப்பில் பார்த்தோமே. பிராட்ஃபோர்டில் 2025 மே மாதம் காப்பகமாக அறிவித்த 1,200க்கும் மேற்பட்ட ஹெக்டேரில் இல்க்லி மூர் உண்டு, பிங்லி சதுப்பும் உண்டு. இதையெல்லாம் தரிசு என்றால் எதைக் காக்கிறார்கள் என்று படிப்பவர் கேட்பார்.

'புல்வெளி'யும் ஒட்டாது. லீட்ஸில் இருந்தபோது ஓர் ஆகஸ்டில் இல்க்லி மூர் ஏறினேன். முழங்கால் உயரத்துக்கு ஹீதர் புதர், கண்ணுக்கெட்டிய வரை ஊதாப்பூ. பாதையை விட்டு ஓர் அடி வைத்தால் மெத்தை மாதிரி அமுங்குகிறது. பாசியைக் கையால் அழுத்தினேன், ஈரத்துணியைப் பிழிந்தது போல விரலிடுக்கில் தண்ணீர். மரமில்லாத மேடு, குறும்புதர், அடியில் ஈரம்: மூன்றும் சொல்லில் தெரிய வேண்டும். முல்லை நிலத்துக்குப் 'புறவு' என்ற பழஞ்சொல் இருக்கிறது. மூர்லாண்டை 'ஈரப்புறவு' எனலாம். தாழ்வான மணற்பாங்கில் வரும் ஹீத்துக்கு வெறும் 'புறவு' போதும்.

பீட்டை நிலக்கரி என்றால் வெட்டி எரிக்கத்தான் தோன்றும். 'மட்கு' என்பதும் தலைகீழ். நீரில் மூழ்கிக் காற்றுப் படாததால் செடிகள் முழுதாக மட்காமல் தங்குவதுதான் பீட். ஒரு மீட்டர் சேரச் சுமார் ஆயிரம் ஆண்டு ஆகும். அதனால் 'மட்காமண்'.

---

மறு:

ஈரப்புறவு எனக்குச் சம்மதம். 'ஈரப் புறா' என்று படிக்க நாலு பேர் இருப்பார்கள், பரவாயில்லை. ஆனால் தம்பி, எங்கள் தெருவில் காலையில் வரும் வண்டி 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று பாடிக்கொண்டே போகிறது. மட்காமண் என்றால் என் பேத்தி பிளாஸ்டிக் கலந்த மண் என்றுதான் நினைப்பாள்.

---

மறு:

ஐயோ, அது தோன்றவே இல்லை! சரி, மட்காமண்ணை விட்டுவிடுகிறேன். 'கரிச்சேறு'? காய்ந்தால் சேறு இல்லையே என்பீர்கள். கட்டுரை காத்திருக்க வேண்டாம், இப்போதைக்குப் 'பீட் மண்' என்றே இருக்கட்டும்.